கல்லறைச் சீட்டு

எனக்கு முன்னால் நாலு பேர். முதல் ஆள் மளிகைக்கடை வியாகுலம். அவர் முழங்கால் போட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டார், தன் பாவம் போதாதென்று ஊரார் பாவத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வருவார். ஆகட்டும், எனக்கென்ன அவசரம். ஓர் ஆள் எழுந்து, சாமி உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனால் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் ஓர் ஆள் அகலம் நகர வேண்டும். நகரும்போது இந்தப் பெஞ்சில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணி புடவையைப் பிடிக்கும். போன வருடமும் பிடித்தது, அதற்கு முந்தின வருடமும் பிடித்தது. கோயில்பிள்ளை மரியதாசிடம் சுத்தியலை எடுத்து நாலு போடு போடு என்று எத்தனை முறை சொல்லியாயிற்று, அவன் காதில் விழுந்தால்தானே. நாளைக்குக் கல்லறைத் திருநாள். இன்று பாவசங்கீர்த்தனம் செய்து, நாளைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கி, கல்லறைக்குப் போய்ச் செபித்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஓர் ஆத்துமம் மேலே போகும். இதை முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான். அமலோற்பவம் டீச்சர் என்றால் இந்தப் பங்கில் தெரியாதவர்கள் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும், கையை நீட்டு, விரல் விட்டு எண்ணு என்பேன். பெருவிரல், பாவங்களை நினைத்துப் பார்ப்பது. நினைத்துப் பார்த்தேன். ஜெபமாலையில் பராக்கு. மரியதாசைக் கழுதை என்று திட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை மறதியாக முட்டை ஆம்லெட். மூன்று பாவம் கையில் இருக்கிறது, போதும்.

போதாது. ஆள்காட்டி விரல், மனஸ்தாபப்படுவது. மூன்றாவது, இனிமேல் செய்வதில்லை என்று தீர்மானிப்பது. நாலாவது, குருவிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்வது. இங்கே ஒரு கதை வைத்திருக்கிறேன். ஒரு பெண் வெட்கப்பட்டு ஒரே ஒரு பாவத்தை மட்டும் ஒளித்தாள், சொன்ன பாவமும் மன்னிக்கப்படவில்லை, அதன்மேல் அவள் வாங்கிய ஒவ்வொரு நன்மையும் தேவதுரோகமாயிற்று, செத்ததும் நாக்கு கருகிப்போய்க் கனவில் வந்து நின்றாள். இந்தக் கதையைச் சொல்லும்போது முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும், எனக்கு அது பிடிக்கும். பிள்ளைகள் பயப்படுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைப் பாவமாக எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி ஒரு தடவை ஒரு பையன் கேட்டான். பெயரெல்லாம் என்னத்துக்கு, உட்காரு என்றேன். வியாகுலம் இன்னும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் யாரோ உட்கார்கிறார்கள், பவுடர் வாசனையை வைத்தே தெரிகிறது, ரீத்தா. என் தம்பி சம்சாரம். “மைனி, வந்து ரொம்ப நேரமாச்சா?” என்கிறாள். பெஞ்சில் இடம் விட்டு உட்காரமாட்டாள், தோள் இடிக்கிற மாதிரிதான் உட்காருவாள். இப்போதுதான் என்று தலையை மட்டும் ஆட்டினேன். இவள் பிறந்தபோது ரீத்தா இல்லை, செண்பகம். என் தம்பி இருதயராஜ் குருமடத்தில் பதினோரு வருடம் படித்தவன், குருப்பட்டத்துக்கு இன்னும் எட்டே மாதம், விடுமுறைக்கு வந்த இடத்தில் ஒரு டைப் இன்ஸ்டிடியூட்டில் இவளைப் பார்த்தான், தீர்ந்தது கதை. அம்மா செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது நான். எனக்கு வந்த இரண்டு சம்பந்தத்தையும், தம்பி சாமியாராகட்டும், அவனுக்கு ஒரு வீடு வேண்டும் என்று வேண்டாமென்றது நான். அவனுடைய முதல் பூசைக்கு வெள்ளைப் பட்டு உடுப்பில் நானே கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் பூத்தையல் போட்டு வைத்தேன், இரண்டு வருடம் போட்டேன், கண் வலிக்க வலிக்கப் போட்டேன். முன் பெஞ்சில் சாமியாரோட அக்கா உட்கார வேண்டும், பூசை முடிந்ததும் எண்ணெய் பூசின கையை முதலில் நான் முத்தமிட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அந்த உடுப்பு இன்னும் பீரோவில் நாப்தலின் உருண்டையோடு கிடக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

வியாகுலம் வந்துவிட்டார், முகத்தில் புண்ணியவான் களை. நகர வேண்டும். ஆணி. பிடித்துவிட்டது. ரீத்தா குனிந்து, என் புடவையை நூல் பிரியாமல் மெல்ல எடுத்துவிடுகிறாள். “நல்ல சேலை மைனி, கிழிஞ்சிரப்போவுது.” இவளுக்கு என்மேல் எப்போதும் மரியாதைதான், அதுதான் எனக்குத் தாங்காது. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்க வேண்டும், அதற்கு ஆறு மாதம் ஞானோபதேசம் படிக்க வேண்டும் என்று அப்போதிருந்த கிழட்டுச் சாமியார் இவளை என்னிடமே அனுப்பினார். ஆறு மாதமும் இவளைப் பிழிந்தெடுத்தேன். நரகத்தைப் பற்றி மட்டும் மூன்று வாரம். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தை எங்கே போகும் டீச்சர் என்று கேட்டாள், கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் கேட்டாள். லிம்போ என்று ஓர் இடம், அங்கே நெருப்பு கிடையாது, ஆனால் கடவுள் முகத்தை எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது, தாய் மோட்சத்துக்குப் போனாலும் பிள்ளையைப் பார்க்க முடியாது என்றேன். இவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அதனால்தான் அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சாமியார் வேண்டியதில்லை, சுத்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றி வார்த்தையைச் சொன்னால் போதும் என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள். என் தம்பி பிற்பாடு, லிம்போ கிம்போ எல்லாம் சபை முடிவாகச் சொன்னதில்லை, கடவுள் இரக்கமுள்ளவர் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். பதினோரு வருடம் குருமடத்தில் படித்தவன் சொன்னது ஏறவில்லை, டீச்சர் சொன்னதுதான் நின்றது.

“மைனி, ஒரு காரியம் கேக்கணும்.” மடியிலிருந்து ஒரு சீட்டை எடுக்கிறாள். கல்லறைச் சீட்டு. வீட்டில் செத்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தால் நாளைக்குக் கல்லறைப் பூசையில் வாசிப்பார்கள். வாசிப்பது நான். மைக் இல்லாவிட்டாலும் என் குரல் கடைசிச் சிலுவை வரை கேட்கும். இவள் சீட்டு எப்படியிருக்கும் என்று எனக்கு மனப்பாடம், மாமனார் பெயர், மாமியார் பெயர், அதன் கீழே ‘குழந்தை’. பதினாறு வருடமாக அதை வாசிக்கிறேன், வாசிக்கும்போது குரல் ஒரு நாளும் பிசகியதில்லை. “இந்த வருசம் கெழக்குச் செவுரு ஓரம் கெடக்க பிள்ளையளையும் மந்திரிச்சு ஆசீர்வதிப்பேன்னு ஃபாதர் சொன்னாவல்லா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சுக் குடுக்கச் சொல்லிருக்காவ. எனக்கு என்ன வைக்கன்னு தெரியல. நீங்களே ஒரு பேரு சொல்லுங்களேன்.” கிழக்குச் சுவர் ஓரம் என்றால் ஞானஸ்நானத் தண்ணீர் படாமல் செத்த பிள்ளைகளைப் புதைக்கிற இடம், உடைமுள் மண்டிக் கிடக்கும், சிலுவை வைக்கக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம், அடையாளத்துக்கு ஒரு கல். வருடா வருடம் இவள் முள்ளை ஒதுக்கி அங்கே மெழுகுதிரி கொளுத்துவதை நான் மேடையிலிருந்து பார்ப்பேன். காற்று அணைத்துவிடும். திரும்பக் கொளுத்துவாள்.

தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் இந்தச் சின்னச் சாமி வந்து ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஒரு பிரசங்கத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறது. கடவுள் அந்தப் பிள்ளைகளைக் கைவிடமாட்டார் என்றது. இவள் அன்றைக்கும் அழுதுவிட்டுக் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, “ஆனாலும் தண்ணி படலையே மைனி” என்றாள். தண்ணி பட்டது. இந்தக் கையால் பட்டது. பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்தது, அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டி கிடையாது, தம்பி வேன் பிடிக்க ஓடினான், இவள் மயக்க மருந்தில் கிடந்தாள், துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு நர்ஸும் போய்விட்டாள். ஒரு கை அளவுதான். நெற்றி என் இரண்டு விரல் அகலம். உதடு நீலம் பாய்ந்துகொண்டு வந்தது. பிளாஸ்க் மூடியில் ஆறின வெந்நீர் இருந்தது. நான் யோசிக்கவேயில்லை, மூன்று தடவை ஊற்றினேன், தந்தை மகன் தூய ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றேன், அதற்கு முன்னால் பெயர் சொல்ல வேண்டுமே, அமலோற்பவம் என்றேன். என் பெயரை. வாயில் அதுதான் வந்தது. தண்ணீர் காதுக்குப் பின்னால் இறங்கியது, முந்தானையால் துடைத்தேன், அது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அந்த நேரத்தில் அது செண்பகத்தின் பிள்ளை இல்லை, தம்பியின் பிள்ளைகூட இல்லை, என் பிள்ளை. இவ்வளவு பிரியம் எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்கே பயமாக இருந்தது. கால்மணி நேரம் இருந்தது. பிறகு இல்லை.

இவள் கண்ணை முழித்ததும் கேட்ட முதல் கேள்வி, “மைனி, தண்ணி ஊத்துனீங்களா?” நான் படித்துக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மாதா சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அப்போது தம்பி கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு இவள் காலில் ஒட்டியிருந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பூசை உடுப்போடு அப்பத்தைத் தூக்க வேண்டிய கை, நான் முத்தமிட வேண்டிய கை, இவளுடைய குதிகாலைத் துடைக்கிறது. “இல்ல. அதுக்குள்ள போயிட்டு” என்றேன். மூன்றே வார்த்தை. தம்பி தலையைத் தூக்கி, “உனக்குத் தெரியாததாக்கா?” என்றான். “கை நடுங்கிட்டு” என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை, இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், போனில் சாப்பிட்டியாக்கா என்பதோடு சரி. மறுநாள் சொல்லியிருக்கலாம். புதைப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம், மணி அடித்திருப்பார்கள், வெள்ளைப்பெட்டி, சிலுவை, ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர், எல்லாம் கிடைத்திருக்கும். இவள் அழுததைப் பார்த்தேன். அழட்டும் என்றிருந்தது. எட்டு நாள் அழட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தது. எட்டு நாள் கழித்துச் சொன்னால் ஏன் எட்டு நாள் சொல்லவில்லை என்று கேட்பார்களே. அப்படியே போய்விட்டது. அதற்குப் பிறகு இவளுக்குப் பிள்ளையும் இல்லை.

முன்னால் இருந்த மற்ற மூன்று பேரும் போய் வந்தாயிற்று, நகர்கிறோம். அடுத்தது நான். “யோசிச்சுச் சொல்லுதேன், நீ முதல்ல போ” என்றேன். “நீங்கல்லா முன்ன வந்தீங்க?” “எனக்கு இன்னும் ஆயத்தம் முடியல, போ.” போனாள். தொட்டிக்குள்ளிருந்து சாமியின் முனகல் மட்டும் கேட்கிறது. இவளுக்கு என்ன பாவம் இருக்கும்? பால்காரனிடம் கோபப்பட்டேன் என்பாள், கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று நினைத்துவிட்டேன் என்பாள். நான் இப்போது உள்ளே போய்ச் சொன்னால் என்ன ஆகும்? சாமி பாவத்துக்குப் பரிகாரமாக அபராதம் சொல்லும், ஐந்தாவது விரல், சுண்டுவிரல். போய் அவளிடம் உண்மையைச் சொல்லுங்க என்று சொல்லும், வேறென்ன சொல்லும். இவள் என் காலில் விழுவாள். அதுதான் நடக்கும். திட்டமாட்டாள், அறையமாட்டாள், என் பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனீங்களே மைனி என்று காலைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுவாள், உங்க பேரையா வச்சீங்க என்பாள். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. பொய் சொன்னதைக்கூடச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது, அந்தக் கால்மணி நேரம் நான் எப்படி இருந்தேன் என்பதை இவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கென்று இருக்கிறது.

வருகிறாள். கண் சிவந்திருக்கிறது, ஆனால் சிரிக்கிறாள். சீட்டை உள்ளங்கையில் வைத்துப் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டே வந்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். “மைனி, ஃபாதர் நல்லா ஒரு வழி சொன்னாவ. பிள்ளைய கடைசியா யாரு தூக்கி வச்சிருந்தான்னு கேட்டாவ. எங்க மைனின்னேன். அப்ப அவுங்க பேரையே வையுங்கன்னுட்டாவ.” சீட்டில் மாமனார், மாமியார், அதன் கீழே அமலோற்பவம். குண்டு குண்டாக, நான் நோட்டில் திருத்திக் கொடுத்த அதே கையெழுத்து. அதே பெயர். சொல்லாமலே வந்து சேர்ந்திருக்கிறது. நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம், சரி என்று தலையை ஆட்டினால் போதும், நாளைக்கு நானே அதை வாசிப்பேன், பிள்ளையும் அதன் பெயரோடு கிடக்கும். தலையை ஆட்டு அமலோற்பவம். ஆட்டு. ஆட்ட முடியவில்லை. என்னிடமிருந்து தம்பியை எடுத்தாய், உடுப்பை நாப்தலினில் போட வைத்தாய், இப்போது இதையுமா சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். “உயிரோட இருக்கவ பேரைச் செத்தவுக சீட்டுல எழுதுவியா?” என்றேன். “நான் எப்ப சாவேன்னு பாத்துக்கிட்டு இருக்கியாக்கும்.”

அவள் சீட்டைச் சட்டென்று பின்னால் இழுத்தாள். “ஐயோ மைனி, அப்படி நெனைக்கவே இல்ல, மாதாவே...” “அடி” என்றேன். அடித்தாள். ஒரே கோடு, பெயரின் நடுவில். “அப்ப என்ன எழுத மைனி?” “குழந்தைன்னே எழுது. பதினாறு வருசமா அதைத்தானே எழுதுன, ஒண்ணும் குறைஞ்சு போகல.” எழுதினாள். ‘ழ’வின் வால் நீண்டுபோனது. சீட்டை வாங்கி மடித்து ஜெபப்புத்தகத்துக்குள் வைத்தேன், எழுந்தேன், ஆணி மறுபடியும் பிடித்தது, இந்தத் தடவை இழுத்தேன், கிழிந்தது.

தொட்டியின் கம்பித் தட்டிக்கு அந்தப்பக்கம் சின்னச் சாமியின் காது தெரிகிறது. என்னை ஆசீர்வதியும் சாமி, நான் பாவி. பாவசங்கீர்த்தனம் செய்து ஒரு மாதம் ஆயிற்று. ஜெபமாலையில் பராக்கு. கோயில்பிள்ளையைத் திட்டினேன். வெள்ளிக்கிழமை முட்டை. “வேற ஏதாச்சும் இருக்காம்மா?” என்றது சாமி. மெதுவாகக் கேட்டது, அவசரப்படாமல் கேட்டது, இவ்வளவு பேர் காத்திருக்கும்போது இப்படிக் கேட்டால் மனிதர்கள் என்ன செய்வது. வாய் தானாகத் திறந்துகொண்டது. “பதினாறு வருசத்துக்கு முன்னால...” என்றேன். “ம்” என்றது. சல்லடைக் கம்பியில் யாருடைய நெற்றி எண்ணெயோ பிசுக்காக இருந்தது. இரண்டு விரல் அகலம். காதுக்குப் பின்னால் இறங்கின தண்ணீர். ஒற்றைக் கண். “பதினாறு வருசத்துக்கு முன்னால செத்துப்போன எங்க அம்மாவுக்கு இந்த வருசம் இன்னும் பூசை எழுதிக் குடுக்கல சாமி.” அம்மா செத்து நாற்பது வருடம் ஆகிறது. அவசரத்தில் தைத்த பொய், அளவு தப்பிவிட்டது. சாமிக்கு எங்கே தெரியப்போகிறது. “அது பாவமில்லம்மா, எழுதிக் குடுத்திருங்க. மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்க” என்று கையைத் தூக்கிப் பாவப்பொறுத்தல் கொடுத்தது. நானும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

மாதா பீடத்தின் முன்னால் மூன்று மந்திரத்தையும் சொன்னேன், பராக்கில்லாமல் சொன்னேன், பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்ற இடத்தில் நிற்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போகும் வழியில் பெஞ்சைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், ஆணிக்குப் பக்கத்தில், ரீத்தா மறுபடியும் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் எட்டுப் பேர். “நீ இப்பத்தானே போயிட்டு வந்த?” என்றேன். எழுந்து நின்றாள், என்னைக் கண்டால் எழுந்து நிற்பது அந்த ஆறு மாதத்துப் பழக்கம். “உங்க மனசை நோகப் பண்ணிட்டேன்லா மைனி. உங்க சாவை நெனைச்சேன்னு நீங்க சொன்னப்பறம், ஒருவேளை உள்ளுக்குள்ள நெனைச்சிருப்பேனோன்னு பயமா இருக்கு. நாளைக்கு நன்மை வாங்கணும். அதைப் பிள்ளைக்காக ஒப்புக்குடுக்கணும்.” முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு, சரிதானே டீச்சர் என்பதுபோல் என் முகத்தையே பார்த்தாள். ஜெபப்புத்தகத்துக்குள் சீட்டு இருக்கிறது. ஒரே கோடுதான் போட்டிருக்கிறாள், பெயர் தெளிவாகத் தெரியும், வீட்டுக்குப் போனதும் நன்றாக மையைத் தேய்த்து அடித்துவிட வேண்டும்.

“உக்காரு” என்றேன். “எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணை ஒளிச்சாலும் அது சாவான பாவம்.”

“சரி மைனி” என்றாள்.